புளியங்குடியிலிருந்து துபாய் தூரமா, சிங்கப்பூர் தூரமா? 4 மணி நேர விமானப் பயணம் 13 மணி நேரம் ஆவது எப்படி?

தென்காசி மாவட்டத்தில் புளியங்குடி, கடையநல்லூர் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு வீட்டுக்காவது வெளிநாட்டுத் தொடர்பு இருக்கும். அண்ணன் துபாயில், மச்சான் சிங்கப்பூரில், சித்தப்பா பையன் சவூதியில் என்று பட்டியல் நீளும். 'துபாய் எவ்வளவு தூரம்?' என்று கேட்டால், 'என்ன, நாலு மணி நேரம்தான்' என்பார்கள். போனில் தேடினாலும் அதே பதில்தான் வரும்.

ஆனால், ஊரிலிருந்து 'அப்பாவுக்கு முடியல, உடனே கிளம்பி வா' என்று ஒரு அழைப்பு வரும்போது அந்த நாலு மணி நேரக் கணக்கு உதவாது. 'நான் வந்துக்கிட்டு இருக்கேன், முகத்தைப் பாக்காம எடுத்துராதீங்க' என்று அங்கிருந்து சொல்கிறவருக்கும், இங்கே வாசலில் காத்திருக்கிறவர்களுக்கும் வேண்டியது ஒரே ஒரு பதில்: வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்கு வந்து சேர முடியும்?

வரைபடத்தில் தூரம், வானத்தில் நேரம், டிக்கெட்டில் கடிகாரம், கடைசியில் மலைச்சாலை. இந்த நான்கையும் சேர்த்தால்தான் அந்தப் பதில் கிடைக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த ஊர் பக்கம்?

முதலில் ஒரு ஆச்சரியம். புளியங்குடியிலிருந்து துபாய் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 2,940 கி.மீ. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் சுமார் 3,070 கி.மீ. வித்தியாசம் வெறும் 130 கி.மீ. தான். அதாவது, மேற்கே போனாலும் கிழக்கே போனாலும் கிட்டத்தட்ட ஒரே தூரம்.

இன்னொரு கணக்கும் உண்டு. துபாயிலிருந்து சிங்கப்பூருக்கு நேர்கோட்டுத் தூரம் சுமார் 5,850 கி.மீ. நடுவில் புளியங்குடிக்கு மேலே வந்து சுற்றிவிட்டுப் போனால் சுமார் 6,010 கி.மீ. ஆகும். கூடுதலாக 160 கி.மீ. மட்டுமே! விமானத்துக்கு அது 12 நிமிடத்துக்குள் கடக்கிற தூரம். வளைகுடாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஏறத்தாழ நடுவில் உட்கார்ந்திருக்கிறது நம்ம ஊர்.

இந்த இரண்டு திசையிலும் பிழைப்புக்காகப் போன வரலாறும் இங்கே உண்டு. கடையநல்லூர், தென்காசி பகுதி முஸ்லிம்கள் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிங்கப்பூரில் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். 1941-ல் அங்கே 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' என்ற அமைப்பே உருவானது. அந்தக் காலத்தில் சிங்கப்பூர் போக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறவேண்டும். 1926 முதல் 1970-களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜூலா' கப்பலில், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய் இறங்க சுமார் ஒரு வாரம் பிடிக்கும். ஊரில் சாவு என்றால், தந்தி போய்ச் சேரும். ஆள் வந்து சேர முடியாது. இன்றைக்கு வந்துவிடலாம் என்ற நம்பிக்கை இருப்பதால்தான் காத்திருப்பும் இருக்கிறது.

நேர்கோடு எப்படி வளைகிறது?

விமானப் பாதையை வரைபடத்தில் பார்த்தால் வில் மாதிரி வளைந்திருக்கும். 'நேரா போக வேண்டியதுதானே?' என்று தோன்றும். உண்மையில் அது நேராகத்தான் போகிறது. வரைபடம்தான் தட்டையாக இருக்கிறது.

புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த எலுமிச்சை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் இரண்டு புள்ளி வைத்து, ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் படிகிற பாதைதான் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே மிகக் குறைந்த தூரம். இப்போது தோலை உரித்துத் தரையில் தட்டையாக அழுத்திப் பாருங்கள். தோல் கிழியும், விரியும். நூல் படிந்த கோடும் வளைந்துவிடும். உலக வரைபடத்தில் நடப்பது இதுதான்.

இணையதளங்கள் 'விமான தூரம்' என்று காட்டுவது பெரும்பாலும் இந்த நூல் கணக்கைத்தான். நிஜ விமானம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். வானத்திலும் குறிக்கப்பட்ட வழித்தடங்கள், கட்டுப்பாட்டு எல்லைகள், இறங்குவதற்கான வரிசை எல்லாம் இருக்கின்றன. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்குப் பெரும்பகுதி அரபிக்கடல், பிறகு ஓமான். சிங்கப்பூர் பக்கம் போனால் இலங்கையைக் கடந்து, சுமத்ரா தீவின் வடமுனையை ஒட்டிப் போகும்.

தூரத்திலிருந்து நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

நடுத்தர, நீண்டதூர விமானங்களுக்கு மனக்கணக்காக ஒரு வழி இருக்கிறது. கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, 40 நிமிடம் கூட்டுங்கள்.

ஏன் 850? பயணிகள் ஜெட் விமானம் உயரத்துக்குப் போய்ச் சீராகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 850 கி.மீ. வேகத்தில் போகும். ஏன் 40 நிமிடம்? ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது, நிறுத்துமிடம் வரை வருவது எல்லாம் மெதுவாக நடக்கும் வேலை. விமான நிறுவனங்கள் டிக்கெட்டில் போடும் நேரம், நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து மறு ஊரில் நிறுத்துமிடத்தில் நிற்பது வரைக்குமான நேரம்.

திருவனந்தபுரம் - துபாய் சுமார் 2,950 கி.மீ. வகுத்துக் கூட்டினால் 4 மணி 8 நிமிடம். திருவனந்தபுரம் - சிங்கப்பூர் சுமார் 3,100 கி.மீ. அதற்கு 4 மணி 19 நிமிடம். நிஜ அட்டவணையும் இதை ஒட்டித்தான் இருக்கும். சில நிமிடம் முன்னே பின்னே ஆகலாம்.

டிக்கெட் ஏன் வேறு கணக்கு சொல்கிறது?

இங்கேதான் வீட்டில் இருக்கிறவர்கள் அதிகம் குழம்புவது. டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால்.

ஒரு உதாரணம். திருவனந்தபுரத்திலிருந்து காலை 10 மணிக்கு இரண்டு விமானங்கள் கிளம்புகின்றன, இரண்டும் 4 மணி 15 நிமிடம் பறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். துபாய் போகிறவர் டிக்கெட்டில் '10:00 - 12:45' என்று இருக்கும். பார்த்தால் இரண்டே முக்கால் மணி நேரம்! சிங்கப்பூர் போகிறவர் டிக்கெட்டில் '10:00 - 16:45'. பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம்! இரண்டு பேரும் இருக்கையில் உட்கார்ந்திருந்தது ஒரே நேரம்தான்.

தேதியிலும் ஒரு கவனம் வேண்டும். வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புபவை. '15-ம் தேதி 00:40' என்றால் 14-ம் தேதி ராத்திரி விமான நிலையத்தில் இருக்கவேண்டும். 15-ம் தேதி ராத்திரி போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுத்து அனுப்பும் பிள்ளைகள் இதை ஒரு வரி எழுதிச் சொல்லிவிடுவது நல்லது.

காற்று யார் பக்கம்?

ஒரே தூரம், ஒரே விமானம். ஆனாலும் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் ஆகும். காரணம் மேலே அடிக்கும் காற்று.

குளிர்காலத்தில் அரேபியா, வட இந்தியா மேலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டம் இருக்கும். துபாயிலிருந்து ஊருக்கு வரும் விமானத்துக்கு அது பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி. போகும்போது எதிர்க்காற்று.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கதை மாறும். குற்றாலத்தில் சாரல் விழும் அதே பருவம். கீழே, மலையில் மோதி மழை கொடுக்கும் காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆனால் தென்னிந்தியாவுக்கு மேலே, சுமார் 14 கி.மீ. உயரத்தை ஒட்டி, நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு வேகக் காற்று ஓடுகிறது. இந்த 'வெப்பமண்டலக் கிழக்குக் காற்றோட்ட'த்தை 1958-ல் விவரித்து உலகுக்குச் சொன்னவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் தென்னிந்தியாவிலிருந்து மேற்கே போகிற விமானங்களுக்கு அது கொஞ்சம் சாதகம்.

நாலு மணி நேரப் பயணத்தில் காற்றால் வரும் வித்தியாசம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும். நீண்ட பயணத்தில் அது மணிக்கணக்கில் போகும். 2016-ல் ஏர் இந்தியா தன் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல், பசிபிக் பெருங்கடல் வழியாகத் திருப்பிவிட்டது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடியது. ஆனால், பின்காற்று கிடைத்ததால் நேரம் குறைந்தது. தூரம் குறைவான வழிதான் சீக்கிரம் போகும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

காற்றைத் தவிர வான்வெளித் தடைகளும் நேரத்தை மாற்றும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, வட இந்தியாவிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப்போக நேர்ந்தது. கடல் வழியாகப் போவதால் தென்னிந்திய - வளைகுடா விமானங்களுக்கு அதில் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால், அதே ஆண்டு ஜூன் 23 இரவு கத்தார் வான்வெளியை மூடியபோது, வளைகுடா நோக்கிப் போன பல விமானங்கள் திருப்பிவிடப்பட்டன. அவசரப் பயணம் என்றால் விமானத்தின் நிலையைக் கிளம்பும் முன்பு ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

கடைசி நூறு கிலோமீட்டர்

இப்போது மண்ணுக்கு வருவோம். புளியங்குடியில் விமான நிலையம் இல்லை. ரயில் நிலையமும் இல்லை. விருதுநகர் - தென்காசி ரயில் பாதை ஊரை விட்டு விலகி, பாம்புக்கோவில் சந்தை வழியாகப் போகிறது. ஆக, விமானம் இறங்கிய பிறகு பெரும்பாலும் சாலைதான் கதி.

நேர்கோட்டில் அளந்தால் புளியங்குடிக்கு மதுரை விமான நிலையத்தைவிடத் திருவனந்தபுரம் விமான நிலையம் கொஞ்சம் பக்கம். திருவனந்தபுரம் சுமார் 93 கி.மீ., மதுரை சுமார் 105 கி.மீ. ஆனால், நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறதே! தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை என்று மலையைச் சுற்றித்தான் திருவனந்தபுரம் போகவேண்டும். அப்போது 93 கி.மீ. சுமார் 145 கி.மீ. ஆகிவிடுகிறது. மதுரை சாலை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழியாகச் சமவெளியில் போகிறது. அங்கே 105 கி.மீ. சுமார் 120 கி.மீ. ஆவதோடு சரி.

புளியங்குடிக்குக் காரில் வர ஆகும் தோராயக் கணக்கு இது:

* தூத்துக்குடி (வாகைக்குளம்): சுமார் 105 கி.மீ., இரண்டரை மணி நேரம். உள்நாட்டு விமானங்கள் மட்டும்.
* மதுரை: சுமார் 120 கி.மீ., 3 மணி நேரத்துக்குள்.
* திருவனந்தபுரம்: சுமார் 145 கி.மீ., 4 மணி நேரம். குற்றால சீசன் வார இறுதி என்றால் தென்காசி - செங்கோட்டைப் பக்கம் கூடுதலாகும்.
* திருச்சி: சுமார் 260 கி.மீ., 5 மணி நேரம்.
* கொச்சி: சுமார் 250 கி.மீ., 6 மணி நேரத்துக்கு மேல்.
* சென்னை: சுமார் 600 கி.மீ., ஒரு முழு இரவு.

சென்னைக் கணக்கைக் கவனியுங்கள். துபாயிலிருந்து சென்னைக்கு வர நாலு மணி நேரம். எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசி வர சுமார் 11 மணி நேரம். சென்னையிலிருந்து லண்டன் போய் இறங்கிவிடுகிற நேரம் அது!

மதுரை பக்கம்தானே, பிறகு ஏன் எல்லோரும் திருவனந்தபுரம்?

திருவனந்தபுரம் 1991-லிருந்தே சர்வதேச விமான நிலையம். வளைகுடா விமானங்கள் அங்கே ஏராளம். மதுரையில் வெளிநாட்டு விமானங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இதற்கு இரு நாடுகளுக்கு இடையிலான விமான ஒப்பந்தங்கள் ஒரு முக்கியக் காரணம். ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டின் எந்தெந்த நகரங்களுக்குப் பறக்கலாம் என்று அந்த ஒப்பந்தத்தில் பட்டியல் இருக்கும். பட்டியலில் பெயர் இல்லாத ஊருக்கு வெளிநாட்டு நிறுவனம் நினைத்தாலும் விமானம் விட முடியாது. துபாய், சிங்கப்பூர் தொடர்பான பட்டியல்களில் மதுரையைச் சேர்க்கவேண்டும் என்பது தென்மாவட்ட மக்களின் பல ஆண்டுக் கோரிக்கை. இந்திய நிறுவனங்கள் சில சேவைகளை மதுரையிலிருந்து இயக்கிவருகின்றன.

தூத்துக்குடியில் 2025 ஜூலை 26-ல் புதிய முனையம் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. பெரிய விமானம் இறங்க ஓடுபாதை தயார். ஆனால், வெளிநாட்டுச் சேவை வர அது மட்டும் போதாது.

மொத்தக் கணக்கு என்ன?

துபாயிலிருந்து திருவனந்தபுரம் வழியாக வருகிறவரை எடுத்துக்கொள்வோம். அறையிலிருந்து விமான நிலையம் 1 மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருக்கவேண்டும். பறக்கும் நேரம் 4 மணி. இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து வெளியே வர 1 மணி நேரம். சாலையில் 4 மணி நேரம். மொத்தம் 13 மணி நேரம். வானத்தில் இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதுவும் டிக்கெட் உடனே கிடைத்தால்தான்.

இந்தக் கணக்கை விடுப்போடு சேர்த்துப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டப்படி, கணவனோ மனைவியோ இறந்தால் தனியார் துறை ஊழியருக்கு 5 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை இறந்தால் 3 நாள். அந்த நாட்கள் இறந்த தேதியிலிருந்தே எண்ணப்படும். வீட்டுவேலை செய்பவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரிலோ இப்படி ஒரு விடுப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை; வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்.

மூன்று நாள் என்றால் 72 மணி நேரம். வர 13, போக 13. மிச்சம் 46 மணி நேரம்தான். இதில் ஒரு தப்பான விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து 8 மணி நேரத்தை இழந்தால், அது வீட்டில் இருந்திருக்கவேண்டிய நேரத்திலிருந்துதான் கழியும். ஆண்டு விடுப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியுமா என்று முதலாளியிடம் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

அவசரத்தில் என்ன செய்யலாம்?

*ஒரே ஊரைத் தேடாதீர்கள்.* திருவனந்தபுரம், மதுரை, திருச்சி, கொச்சி நான்கையும் தேடுங்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்குத் திருச்சிக்கு விமானங்கள் அதிகம். திருவனந்தபுரம் விமானத்துக்கு எட்டு மணி நேரம் காத்திருப்பதைவிட, இரண்டு மணி நேரத்தில் கிளம்பும் திருச்சி விமானமே ஊரில் முன்னதாகச் சேர்க்கும்.

*'குறைந்த பயண நேரம்' என்று வரிசைப்படுத்தாதீர்கள்.* இறங்கும் நேரத்தைப் பாருங்கள். அதோடு மேலே சொன்ன சாலை நேரத்தைக் கூட்டுங்கள். எந்தக் கூட்டல் முதலில் முடிகிறதோ அந்த விமானம்தான் உங்களுக்கு.

*ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.* சென்னை, பெங்களூரு வழியாகத் தூத்துக்குடி வருவதும் ஒரு வழிதான். ஆனால் இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணமும் நேரமும் உங்கள் பொறுப்பு.

*கைப்பை போதும்.* பெட்டி போடாமல் வந்தால் இறங்கிய ஊரில் அரை மணி நேரமாவது மிச்சம்.

*வண்டியை ஊரிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள்.* விமானம் அங்கே கிளம்பும்போது வண்டி இங்கே கிளம்பினால், ஆள் வெளியே வரும்போது வாசலில் நிற்கும். ராத்திரி ஆரியங்காவு மலைச்சாலை தெரிந்த டிரைவராக இருந்தால் நல்லது. சரக்கு லாரிகள் வரிசைகட்டும் வழி அது.

*ஊருக்குச் சொல்லும் நேரத்தை இந்திய நேரத்தில் சொல்லுங்கள்.* 'காலையில மூணு மணிக்கு விமானம்' என்று துபாய் நேரத்தைச் சொன்னால், வீட்டில் இருக்கிறவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வழிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள். 'நம்ம ஊர் நேரப்படி மத்தியானம் ஒன்றரைக்கு வாசல்ல இருப்பேன்' என்று சொல்லிவிட்டால், அங்கே எடுக்கவேண்டிய முடிவுகளை அவர்களும் அதை வைத்தே எடுப்பார்கள்.